இடது விலாவுக்குள் ஒரு சல்லடை

இதயம், கல்லீரல், சிறுநீரகம் இதெல்லாம் நமக்கு நன்றாகவே தெரியும். வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ வந்துவிட்டால் போதும், இந்தப் பெயர்களெல்லாம் தானாக வாயில் வந்துவிடும். ஆனால் மண்ணீரல்? கறிக்கடையில் 'சுவரொட்டி' என்று கேட்டு வாங்கி, பிள்ளை பெற்றவளுக்குச் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கிக் கொடுக்கிறோமே, அதேதான் மண்ணீரல். ஆட்டுக்கு இருப்பது போல நமக்கும் ஒன்று இருக்கிறது. அது உள்ளே என்ன செய்கிறது என்று கேட்டால் நம்மில் பத்துக்கு ஒன்பது பேர் முழிப்போம்.

நான் பத்தாவது வரை படித்தவள். மண்ணீரல் பாடத்தை எனக்கு நடத்தியது என் சின்ன மகள்தான். அவள் உடம்பை வைத்து, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, டாக்டர் அம்மாவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். குழந்தை வைத்திருக்கும் சகோதரிகள் ஒரு தடவை பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

முதலில், அது எங்கே இருக்கிறது? இடது பக்க விலா எலும்புகளின் உள்புறம், இரைப்பைக்குச் சற்றுப் பின்னால் ஒட்டினாற்போல் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு கை முஷ்டி அளவுதான். எடை சுமார் 150 கிராம். நல்ல நிலையில் இருந்தால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் கைக்கு அகப்படாது. ஆளோ சின்ன ஆள். ஆனால் இதயம் அனுப்புகிற ரத்தத்தில் ஏறக்குறைய 5 சதவீதம் இதற்குள் போய்த்தான் வருகிறது. அத்தனை ரத்தத்துக்கு அங்கே என்ன வேலை?

சலிக்கிற வேலைதான்! நம் ரத்தத்தில் உள்ள சிவப்பணு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் சுமார் 120 நாள். அது பார்ப்பதற்கு எப்படி இருக்கும் தெரியுமா? உளுந்து வடைக்கு ஓட்டை போடும்போது, விரலை முழுக்க விடாமல் இரண்டு பக்கமும் லேசாக அமுக்கி மட்டும் விட்டால் எப்படி இருக்கும், அப்படி. நடுவில் குழி, ஓரத்தில் தடிமன், உடம்பெல்லாம் மெதுமெது. ஏழெட்டு மைக்ரான் அகலம் உள்ள இந்த அணு, மண்ணீரலுக்குள் ஏதோ ஒரு மைக்ரான் அகலமே உள்ள சந்துகளில் நுழைந்து வெளியே வர வேண்டும். இளசான அணு உடம்பை மடக்கி, நெளித்து, வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வயதாகி விறைத்துப்போன அணுவால் முடியாது. அங்கேயே மாட்டிக்கொள்ளும். பக்கத்திலேயே காத்திருக்கும் 'தின்னி அணுக்கள்' அதைப் பிடித்து விழுங்கிவிடும்.

விழுங்கினதும் வீணாகப் போட்டுவிடுவதில்லை. பழைய பாத்திரம் பித்தளைக்குப் போவதுபோல, அணுவில் இருந்த இரும்பைத் தனியாக எடுத்து, புது அணு செய்கிற எலும்பு மஜ்ஜைக்குத் திருப்பி அனுப்பிவிடும். மிச்சத்தில் ஒரு பகுதி மஞ்சள் நிறப் பொருளாக மாறிக் கல்லீரலுக்குப் போய், பித்தத்தோடு வெளியேறும். சுவரொட்டியில் ஏன் இரும்புச் சத்து அதிகம் என்று இப்போது புரிகிறதா?

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சில சிவப்பணுக்களுக்குள் தேவையில்லாத துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மலேரியாக் கிருமிகூட இருக்கலாம். அரிசியைக் கொட்டாமல் கல்லை மட்டும் பொறுக்கி எறிவதுபோல, அணுவை உடைக்காமலே அந்தத் துணுக்கை மட்டும் உருவிவிட்டு அனுப்புகிற கெட்டிக்காரத்தனமும் இந்தச் சின்ன உறுப்புக்கு உண்டு.

அடுத்தது காவல் வேலை. மண்ணீரலை அறுத்துப் பார்த்தால் சிவப்பான சதைக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரியுமாம். சிவப்புப் பகுதி சல்லடை என்றால் இந்த வெள்ளைப் பகுதிதான் காவல் நிலையம். ரத்தத்தில் கிருமி வந்தால் இங்கே உள்ள வெள்ளையணுக்கள் அடையாளம் கண்டு, அதற்கெதிரான பொருளைத் தயாரிக்கும். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் என்று சில கிருமிகள் இருக்கின்றன. சீதளக் காய்ச்சல், மூளைக் காய்ச்சல் எல்லாம் கொண்டு வருகிறவை. இவற்றின் மேல் வழவழவென்று ஓர் உறை இருக்கும். நறுக்கின வெண்டைக்காயைப் பிடிப்பதுபோல, கையில் அகப்படாமல் நழுவிவிடும். அந்த வழுக்கல் கிருமிகளைப் பிடித்து அமுக்குவதில் மண்ணீரலுக்கு இணை வேறு கிடையாது.

மனிதர்களுக்கு மட்டும் இல்லை. ஆடு, மாடு, நாய், குதிரை என்று பால் கொடுக்கிற பிராணிகள் எல்லாவற்றுக்கும் மண்ணீரல் இருக்கிறது. குதிரைக்கு அது ரத்தக் கிடங்கும்கூட. நிற்கும்போது ஏராளமான சிவப்பணுக்களை உள்ளே சேர்த்து வைத்துக்கொள்ளும். ஓட ஆரம்பித்ததும் மண்ணீரல் சுருங்கி எல்லாவற்றையும் ரத்தத்தில் கொட்டும். நின்றிருந்தபோது ரத்தத்தில் 40 சதவீதம் போல இருந்த சிவப்பணுப் பங்கு, பாய்ந்து ஓடும்போது 60ஐத் தாண்டிவிடுமாம். நீருக்குள் மூழ்கும் சீல் பிராணிக்கும் இதே வசதி உண்டு. இந்தோனேசியாவில் காலங்காலமாகக் கடலில் முத்துக்குளிப்பவர்போல மூச்சடக்கி மூழ்கி வாழும் பஜாவு மக்களுக்கு, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களைவிட மண்ணீரல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிது என்று 2018இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். என்ன, ஆச்சரியமாக இருக்கிறதா?

இனி என் மகள் கதைக்கு வருகிறேன்.

பிறந்ததிலிருந்தே அவள் வெளிறின பிள்ளை. "நல்ல நெறம்!" என்று எல்லாரும் மெச்சுவார்கள். பெரியவள் தெருவெல்லாம் ஓடி ஆடும்போது இவள் நாலு எட்டு ஓடிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொள்வாள். 4 வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் கண் மஞ்சள் பூத்திருந்தது.

"காமாலைதான், சந்தேகமே இல்ல. கீழாநெல்லி அரைச்சுக் குடு" என்றார் எதிர் வீட்டு அக்கா. இன்னொரு பாட்டி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இடது பக்கம் என்னவோ கட்டியா இருக்கே. குடல் ஏறியிருக்கும். வெளக்கெண்ணெய் போட்டுத் தட்டி எடுத்துடலாம்" என்றார். எனக்கு அந்தக் 'கட்டி' என்ற வார்த்தை நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தட்டவும் வேண்டாம், அரைக்கவும் வேண்டாம் என்று அன்று மாலையே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் அம்மா அவளைப் படுக்க வைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்லி, இடது விலாவின் கீழே விரல்களை வைத்து நிதானமாகப் பார்த்தார். "மண்ணீரல் வீங்கி மூணு விரக்கடை கீழ எறங்கியிருக்கு. வயித்த யாராவது தடவினாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "நல்லவேளை! வீங்கின மண்ணீரல் ரொம்ப மென்மைம்மா. அமுக்கினா கிழிஞ்சு உள்ளுக்குள்ளயே ரத்தம் கொட்டிடும்" என்றார்.

ஹீமோகுளோபின் 7 தான் இருந்தது. ரத்தத்தை ஒரு சொட்டு கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. வடை மாதிரி இருக்க வேண்டிய சிவப்பணுக்களில் பாதிக்கு மேல் சீடை மாதிரி உருண்டையாக இருந்தன. ஹெரிடிட்டரி ஸ்ஃபீரோசைட்டோசிஸ் என்று அதற்குப் பெயர். பரம்பரையாக வருவது. அணுவின் தோலில் உள்ள புரதத்தில் பிறவியிலேயே ஒரு குறை. அதனால் தட்டையாக இருக்க முடியாமல் உருண்டு போகின்றன. உருண்டையை மடக்க முடியுமா? மண்ணீரலின் சந்தில் மாட்டிக்கொள்கின்றன. 120 நாள் வாழ வேண்டியவை கொஞ்ச நாளிலேயே அழிகின்றன. அதனால் சோகை, அதனால் கண்ணில் மஞ்சள், வேலை அதிகமாகி மண்ணீரலும் வீக்கம்.

"சல்லடை மேல தப்பே இல்லம்மா. அது தன் வேலையத்தான் செய்யுது. வர்ற சரக்குதான் சரியில்ல" என்றார் டாக்டர் அம்மா.

"எங்க வம்சத்துல இப்படி ஒண்ணும் கெடையாது" என்று மாமியார் முதலில் கோபித்துக்கொண்டார். ஆனால் டாக்டர் பக்குவமாக, "வீட்டுல யாருக்காவது சின்ன வயசுலயே பித்தப்பைக் கல் வந்துச்சா?" என்று கேட்டதும் அத்தையின் முகம் மாறியது. அவருக்கே 26 வயதில் கல்லுக்காகப் பித்தப்பையை எடுத்திருந்தார்கள்! அணு உடைய உடைய வரும் மஞ்சள் பொருள்தான் பித்தப்பையில் கல்லாகக் கட்டுகிறதாம். என் கணவருக்கும் ரத்தம் பார்த்தோம். அவருக்கும் இருக்கிறது, லேசாக. இத்தனை வருடம் தெரியாமலே இருந்திருக்கிறது. அன்றைக்கு ராத்திரி அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் குடுத்த சொத்தாம்மா இது?" என்று கண் கலங்கினார். "நீங்க என்ன அத்தை, தெரிஞ்சா குடுத்தீங்க? விடுங்க" என்றேன். பரம்பரை நோய் விஷயத்தில் யாரையும் குற்றம் சொல்வதில் அர்த்தமே இல்லை, சகோதரிகளே. முன்னாலேயே தெரிந்தால் அடுத்த பிள்ளையைச் சீக்கிரம் கவனிக்கலாம், அவ்வளவுதான்.

என் அம்மா செய்தி கேட்டதும் ஊரிலிருந்து சுவரொட்டியும் கையுமாக வந்து இறங்கிவிட்டார். "ரத்தம் இல்லேன்னா இதவிட மருந்து ஏது?" என்றார். டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "நல்லா வேக வெச்சுத் தாராளமா சாப்பிடட்டும். ஆனா இவளுக்கு இரும்பு கொறையல. உடைஞ்ச அணுவோட இரும்பு உள்ளயேதான் இருக்கு. நீங்களா டானிக் வாங்கிக் குடுத்துடாதீங்க" என்றார். புது அணு செய்ய உதவும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார். சோகை என்றால் எல்லாம் ஒரே சோகை இல்லை. காரணம் தெரியாமல் இரும்பு டானிக் ஊற்றக் கூடாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு வருடத்தில் இரண்டு தடவை ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. மண்ணீரலை எடுத்துவிட்டால் சோகை நிற்கும் என்றார்கள். "அப்ப உடனே எடுத்துடுங்க டாக்டர்" என்றார் என் கணவர். "6 வயசு தாண்டட்டும்" என்றார் அவர்.

காரணம் கேட்டபோது ஒரு பழைய விஷயம் சொன்னார். ஒரு காலத்தில் மண்ணீரல் இல்லாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்றுதான் மருத்துவர்களே நினைத்திருக்கிறார்கள். 1952இல் கிங், ஷூமேக்கர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், என் மகளுக்கு இருக்கும் இதே நோய்க்காக மண்ணீரல் எடுக்கப்பட்ட ஐந்து கைக்குழந்தைகளுக்கு, பிற்பாடு கடுமையான கிருமித் தாக்குதல் வந்ததை எழுதினார்களாம். அதற்குப் பிறகுதான், காவல்காரன் இல்லாத வீட்டின் ஆபத்து உலகத்துக்குப் புரிந்தது. சின்னக் குழந்தைகளுக்கு அந்த ஆபத்து மிக அதிகம். அதனால்தான் முடிந்தவரை வளரவிட்டு எடுக்கிறார்கள்.

அந்த நாட்களில் எனக்குத் தூக்கமே கிடையாது. மண்ணீரலை விட்டால் ரத்தம் போகிறது. எடுத்தால் காவல் போகிறது. எதைக் காப்பாற்ற எதை விடுவது? கடைசியில், ஆபத்துக்கு வழி தெரிந்தால் அடைக்கலாம் என்ற தைரியம்தான் முடிவெடுக்க வைத்தது. முதலில் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் மூன்றுக்கும் தடுப்பூசி. அறுவைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் போட்டு முடித்துவிட வேண்டுமாம். மண்ணீரல் உள்ளே இருக்கும்போதே அது பாடம் படித்து, உடம்புக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகும். 7 வயதில், சின்னச் சின்ன துவாரங்கள் வழியாகவே எடுத்துவிட்டார்கள்.

மூன்றே மாதத்தில் ஹீமோகுளோபின் 12. கன்னத்தில் ரத்தம் தெரிந்தது. ஒரு நாள் மத்தியானம் அவள் தெருவில் அக்காவைத் துரத்திக்கொண்டு ஓடினாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அணு இன்னும் உருண்டைதான். பிறவிக் குறை போகவில்லை. ஆனால் பிடித்து அழிக்க ஆளில்லாததால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் டாக்டர் அம்மா ஒரு விஷயத்தைப் பத்துத் தடவை சொல்லி அனுப்பியிருந்தார். "100.4 டிகிரிக்கு மேல காய்ச்சல் வந்தா, ராத்திரியா பகலான்னு பாக்காதீங்க. வீட்டுல குடுத்து வெச்சிருக்கிற ஆன்டிபயாடிக்கைக் குடுத்துட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடணும்." தினமும் பென்சிலின் மாத்திரையும் உண்டு. மண்ணீரல் இல்லை என்று எழுதின ஓர் அட்டையை என் பையில் எப்போதும் வைத்திருப்பேன்.

அவளுக்கு 11 வயதில், வெளியூரில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து சாப்பிடும்போது "குளுருதும்மா" என்றாள். தொட்டால் கொதித்தது. 102. மாத்திரையைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்கு ஓடினோம். "வைரல் காய்ச்சல் எல்லா எடத்துலயும் இருக்கு. பாராசிட்டமால் குடுத்து ரெண்டு நாள் பாருங்க" என்றார் அங்கிருந்தவர். நான் அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தேன். "இவளுக்கு மண்ணீரல் இல்லங்க சார். ரெண்டு நாள் பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க." அட்டையைப் படித்ததும் அவர் எழுந்தே விட்டார். முதல் ஊசியை அங்கேயே போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானே போன் செய்து அனுப்பிவைத்தார். அங்கே போய்ச் சேர்வதற்குள் பிள்ளையின் கை கால் சில்லிட்டுப் போயிருந்தது. ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. நாலு மணி நேரம் முன்பு பந்தியில் உட்கார்ந்திருந்த பிள்ளை! ரத்தத்தில் கிருமி பரவியிருப்பது பரிசோதனையில் உறுதியானது. பத்து நாள் ஊசி போட்டு மீட்டுக்கொண்டு வந்தார்கள். தடுப்பூசி போட்டிருந்தாலும் எல்லா வகைக் கிருமிக்கும் அது அரண் ஆகாது என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

இந்தப் பட்டறிவில், சகோதரிகள் மனதில் வைக்க வேண்டியவை சில:

குழந்தை சைக்கிளிலிருந்து விழுந்து ஹேண்டில்பார் இடது வயிற்றில் குத்தினாலோ, மரத்திலிருந்து விழுந்தாலோ, வெளியே காயம் இல்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இடது வயிற்று வலி, இடது தோள்பட்டையில் வலி, முகம் வெளுப்பது, மயக்கம் இதெல்லாம் மண்ணீரல் கிழிந்ததற்கு அடையாளமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரி. பயப்பட வேண்டாம்; இப்போதெல்லாம் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் எடுக்காமலே, படுக்கையில் வைத்துக் கவனித்து ஆற்றிவிடுகிறார்கள்.

மலேரியா, டைஃபாய்டு போன்ற காய்ச்சல்களிலும் மண்ணீரல் வீங்கும். வீக்கம் வடிந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை கபடி, குதித்து விளையாடுவது, வயிற்றைத் தடவி விடுவது எதுவும் கூடாது.

விபத்தில் அவசரமாக மண்ணீரல் எடுக்கப்பட்டவர்களுக்கு முன்கூட்டித் தடுப்பூசி போட நேரம் இருந்திருக்காது. பொதுவாக இரண்டு வாரம் கழித்துப் போடுவார்கள். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சரி, ஊசி போட்டாயிற்றா என்று இன்றே கேளுங்கள். சில ஊசிகளைச் சில வருடத்துக்கு ஒரு தடவை திரும்பப் போட வேண்டும். ஃப்ளூ ஊசி வருடா வருடம்.

அவர்களை நாய் கடித்தால் வெறிநாய்க்கடி ஊசி மட்டும் போதாது. நாயின் எச்சிலில் இருக்கும் ஒரு கிருமி இவர்களுக்கு உயிராபத்து. ஆன்டிபயாடிக்கும் உடனே வேண்டும். கொசுவலையும் கட்டாயம், ஏனென்றால் மலேரியா இவர்களுக்குக் கடுமையாக வரும்.

அறுவை செய்யாமலே மண்ணீரல் வேலையை நிறுத்திவிடுவதும் உண்டு. நீலகிரி மலைவாழ் மக்களிடம் 1952இல் கண்டறியப்பட்ட சிக்கிள் செல் நோயில், அரிவாள்போல் வளைந்த சிவப்பணுக்கள் அடைத்து அடைத்து, பல குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே மண்ணீரல் சுருங்கிப் போய்விடுகிறது. அந்தக் குழந்தைகளுக்கும் இதே ஊசிகள், இதே காய்ச்சல் எச்சரிக்கை எல்லாம் பொருந்தும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மகளுக்கு எடுத்தார்கள் என்பதற்காக, இந்த நோய் உள்ள எல்லாருக்கும் எடுக்க வேண்டும் என்று இல்லை. லேசாக இருந்தால் ஃபோலிக் ஆசிட்டும் கவனிப்புமே போதும். என் கணவர் அப்படித்தான் இருக்கிறார். சிலருக்கு ஒரு பகுதியை மட்டும் எடுத்து, மீதியைக் காவலுக்கு விட்டுவைக்கிறார்கள்.

இப்போது சின்னவளுக்கு 19 வயது. கல்லூரி விடுதியில் இருக்கிறாள். தெர்மாமீட்டர், மாத்திரை, அட்டை மூன்றும் ஒரு சின்னப் பையில். அறைத் தோழியிடமும் வார்டனிடமும் அவளே சொல்லி வைத்திருக்கிறாள். போன மாதம் நடு ராத்திரி போன் வந்தது. "அம்மா, 101 இருக்கு. மாத்திரை போட்டுட்டேன். ஆட்டோவுல ஏறிட்டோம். அங்க போயிட்டுப் பேசறேன், நீ பதறாத" என்றாள். மறுநாள் சாதாரணக் காய்ச்சல்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீண் அலைச்சல் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. அவள் மண்ணீரல் பார்த்த காவல் வேலையை ஏழு வயதிலிருந்து நான் பார்த்தேன். இப்போது அவளே பார்த்துக்கொள்கிறாள்.